பாடிப் பெற்ற விடுதலை

ஒரு நாட்டின் பெருமை அதன் பரப்பினாலோ மக்கள் தொகையினாலோ அமைவதன்று. பெற்ற உரிமையைப் பேணிக் காக்கும் அறிவினாலேயே அமைவதாகும். இவ்வுண்மைக்கு எசுத்தோனியா என்னும் சிறுநாடு தக்க சான்றாக விளங்குகின்றது.

எசுத்தோனியா ஐரோப்பாவின் வடபால், பால்டிக் கடற்கரையில் உள்ளது. அதன் தலைநகர் தாலின். நாட்டின் பரப்பு ஏறத்தாழ 45,000 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகையோ பதினான்கு இலட்சத்தை எட்டாது. பல நூற்றாண்டுகள் அயலாரால் ஆளப்பட்ட அந்நாடு, 1918ஆம் ஆண்டில் தன்னுரிமை பெற்றதாக அறிவித்தது. ஆயினும் அவ்வுரிமை நெடுநாள் நிலைக்கவில்லை. 1940ஆம் ஆண்டில் சோவியத்து ஒன்றியம் அதனைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அன்று அதற்குத் துணைநிற்பார் ஒருவருமிலர். 1949ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மட்டும் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர், பெண்டிரும் சிறாரும் உட்பட, தம் இல்லங்களினின்றும் பெயர்க்கப்பட்டுச் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டனர்.

இத்துணைத் துயருற்றும் அம்மக்கள் தம் மொழியை மறந்திலர். ஆயிரக்கணக்கானோர் ஒருங்கு கூடிப் பாடும் இசைவிழா 1869ஆம் ஆண்டு முதல் அவர்தம் மரபாகும். 1988ஆம் ஆண்டு செப்டம்பரில் தாலின் நகரத்து விழாத்திடலில் மாபெருங்கூட்டமாகத் திரண்டு தாய்நாட்டுப் பாடல்களைப் பாடினர். மறு ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் எசுத்தோனியர், இலாத்துவியர், இலித்துவேனியர் ஆகிய மூவினத்தாரும் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவுக்குக் கைகோத்து நின்று உரிமை வேண்டினர். 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் எசுத்தோனியா தன் விடுதலையை மீண்டும் நிலைநாட்டியது.

விடுதலை வந்தது; வறுமையும் உடன் நின்றது. கடைகளில் பண்டங்கள் அரிதாயின; விலைகள் பன்மடங்கு ஏறின. இந்நிலையில் 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் குரோன் என்னும் சொந்த நாணயம் வெளியிடப்பட்டது. ஒவ்வொருவரும் 1,500 ரூபிள் வரை கொடுத்து, பத்து ரூபிளுக்கு ஒரு குரோனாக மாற்றிக்கொள்ளலாயினர். எட்டுக் குரோன் ஒரு செருமானிய மார்க்குக்கு ஈடென வரையறுக்கப்பட்டது. 1940ஆம் ஆண்டுக்கு முன்னர் இங்கிலாந்து, சுவீடன் முதலிய நாடுகளில் இட்டு வைத்திருந்த பொன் திரும்பி வந்து, அந்நாணயத்துக்கு அடிப்படையாய் உதவிற்று. முன்னோர் சேமித்தது பின்னோர்க்குப் பயன்பட்டவாறு காண்க.

எட்டு நாள் கழித்து மக்களே வாக்களித்துத் தம் அரசியலமைப்பை ஏற்றனர். 101 உறுப்பினர் கொண்ட ஆட்சிமன்றத்துக்குத் தேர்தல் நடைபெற்றது. வரலாறு பயின்ற மார்ட் இலார் என்பார் தம் 32ஆம் அகவையில் தலைமை அமைச்சரானார். அரசின் தொழிற்சாலைகள் தனியாரிடம் விற்கப்பட்டன. 1994ஆம் ஆண்டு முதல் யாவர்க்கும் நூற்றுக்கு 26 என ஒரே விகிதத்தில் வருமான வரி விதிக்கப்பட்டது. இம்மாற்றங்களால் வேலை இழந்தோரும், சிறு ஓய்வூதியத்தால் வாடிய முதியோரும் பலர். எனினும் அந்நாடு கல்வியில் முதலிட்டது. பள்ளிகள்தோறும் கணிப்பொறிகள் வைக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டில், உலகிலேயே முதன்முறையாக நாடு முழுதும் இணையவழி வாக்களிக்கும் முறை அங்கு உள்ளாட்சித் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது.

தனித்து நின்றமையால் நேர்ந்த கேட்டினை எசுத்தோனியர் மறந்தாரல்லர். 1994ஆம் ஆண்டில் உருசியப் படைகள் வெளியேறின. 2004ஆம் ஆண்டில் அந்நாடு நேட்டோ என்னும் பாதுகாப்புக் கூட்டமைப்பிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்தது. 2011ஆம் ஆண்டில் குரோனை விடுத்து யூரோவை ஏற்றது.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் தகாது. சோவியத்து ஆட்சியில் வந்து குடியேறிய உருசிய மொழியினர்க்கும் அவர்தம் மக்களுக்கும் குடியுரிமை எளிதிற் கிட்டவில்லை. அதனைப் பெற எசுத்தோனிய மொழித் தேர்வில் தேறல் வேண்டியிருந்தது. 1992ஆம் ஆண்டில் மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் எந்நாட்டுக் குடியுரிமையும் இன்றி இருந்தனர். அத்தொகை பெரிதும் குறைந்துள்ளதேனும் இன்னும் முற்றும் நீங்கவில்லை. தன் மொழியைக் காத்து எழுந்த நாடு, பிறமொழி பேசுவோரையும் தன் மக்களாக அணைத்துக்கொள்ளும் அளவிற்றே அதன் விடுதலை நிறைவெய்தும்.

உரிமையைப் பெறுதற்கு ஒற்றுமை வேண்டும். காத்தற்குச் சட்டமும் உழைப்பும் கல்வியும் நட்பும் வேண்டும். அதனை யாவர்க்கும் பகிர்ந்தளித்தற்கு அன்பு வேண்டும். இம்மூன்றனையும் எசுத்தோனியாவின் வரலாறு நமக்கு அறிவுறுத்துகின்றது.