உங்களுக்குத் தெரியுமா? ஜீப்பின் முன்னே வளையும் இரும்பு

கடையில் ஒன்றரை அங்குலம் என்று விற்கும் இரும்பு பைப்பை அளந்து பாருங்கள். வெளிவிட்டம் 48.3 மி.மீ., அதாவது 1.9 அங்குலம் இருக்கும்! பைப்புக்குச் சொல்வது பெயரளவுதான். டியூபுக்கோ, சொல்கிற அளவே வெளிவிட்டம். காட்டுப் பாதை ஜீப்புக்குப் பம்பர் வளைப்பவர்கள் இதை மறந்தால், வாங்கிய குழாய் வளைக்கும் இயந்திரத்தின் அச்சில் பொருந்தாது.

அமெரிக்கப் பட்டறைகளில் அதிகம் புழங்குவது டி.ஓ.எம். (தண்டின் மேல் இழுத்த) டியூப், 1.75 அங்குல விட்டம், 0.120 அங்குலச் சுவர். இதைச் செய்ய, தகட்டைச் சுருட்டி வெல்டு வைத்த குழாய்க்குள் ஒரு தண்டைச் செருகி, சூடாக்காமலே அச்சு வழியாக இழுக்கிறார்கள். சுவர் சீராகிறது, வலுவும் ஏறுகிறது. விலையும்தான்.

இரு குழாய்கள் சேருமிடத்தில் ஒன்றின் முனையை மீன் வாயைப் போலக் குடைந்து, மற்றதன் வளைவில் கவ்வ வைக்க வேண்டும். இடைவெளி விட்டுவிட்டு வெல்டால் அடைப்பது வெறும் ஒப்பேற்றல். துத்தநாகம் பூசிய குழாயைச் சுரண்டாமல் வெல்டு வைத்தாலோ, அந்த வெண்புகை சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் தரும்.

பம்பரை அடிச்சட்டத்தில் முடுக்க வேண்டும். மெல்லிய உடல் தகட்டில் அல்ல. அதே வலுவான பிடிப்பு, மோதலின்போது காற்றுப்பைகள் விரியும் நேரத்தையும் மாற்றிவிடக்கூடும். நம் சாலைகளுக்கு இந்தப் பம்பர் ஆசை வேண்டாம்: இத்தகைய முன்கம்பிகள் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு முரணானவை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.