பாம்புக்கு ஓர் இறாக்கை

கனடாவிலோ இங்கிலாந்திலோ வளரும் பேரப்பிள்ளை ஒன்று கைத்தொலைபேசியில் அழைத்து, அறையின் மூலையில் நிற்கும் இறாக்கையிலிருந்து ஒரு லாச்சியை இழுத்து, உள்ளே சுருண்டு கிடக்கும் பாம்பைக் காட்டினால் தர்மபுரத்தில் இருக்கும் அம்மம்மா திகைத்துத்தான் போவார். பாம்பைக் கண்டதும் தடி தேடும் ஊர் இது. அதற்குச் சூடு கொடுத்து, தண்ணீர் வைத்து, தட்டுத் தட்டாக வீடு செய்து வளர்ப்பது எங்களுக்கு விளங்காத காரியம். ஆனாலும் அந்த இறாக்கை எப்படிச் செய்யப்படுகிறது, ஏன் அப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துகொள்வதில் வன்னியில் இருப்பவர்களுக்குப் பெரிய பயன் உண்டு. பாம்பு எந்த இடத்தை விரும்பித் தங்கும் என்பது அதற்கு இடம் செய்து கொடுப்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இப்படி வளர்க்கப்படுபவை பெரும்பாலும் நஞ்சில்லாத பாம்புகள். மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த, மூன்று முதல் ஐந்து அடி வரை வளரும் சிறிய மலைப்பாம்பு ஒன்று. அமெரிக்காவில் தானியக் களஞ்சியங்களில் எலி பிடித்துத் திரியும் பாம்பு இன்னொன்று. ஒன்றிரண்டு வைத்திருப்பவர் கண்ணாடிப் பெட்டி வாங்குவார். பத்து, இருபது என்று பெருகியவர்தான் இறாக்கைக்குப் போவார். கடையில் விலை அதிகம் என்பதால் பலர் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள்.

செய்முறையில் முதலில் வாங்க வேண்டியது பலகை அல்ல, பிளாஸ்ரிக் பெட்டி. பெட்டியின் உயரத்தை அளந்த பிறகுதான் பலகை வெட்ட வேண்டும். ஏனென்றால் இந்த இறாக்கையில் பெட்டிகளுக்கு மூடி கிடையாது. மேல்தட்டின் அடிப்பக்கமே கீழ்ப்பெட்டிக்கு மூடி. பெட்டியின் விளிம்புக்கும் பலகைக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. பாம்பின் தலை நுழையும் இடத்தில் உடலும் நுழைந்துவிடும். குட்டியின் தலையோ சுண்டுவிரல் நுனியளவுதான். பலகை ஈரத்தில் வளைந்தால் இந்தக் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். அதனால் தடித்த பிளைவூட் எடுத்து, எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசி, நன்றாகக் காயவிட்ட பின்பே பாம்பை விடுவார்கள்.

காற்றுக்குப் பெட்டியின் பக்கங்களில் சிறு துளைகள் வேண்டும். சூடான பற்றாசுக்கோலால் துளைப்பவர்கள் உட்புறமிருந்து வெளிப்புறமாகத் துளைப்பார்கள். உருகிய பிளாஸ்ரிக்கின் கூர்விளிம்பு வெளியே நிற்க வேண்டும். உள்ளே நின்றால் ஊர்ந்து திரியும் பாம்பின் செதிலைக் கிழிக்கும். பெட்டிக்குள் விரிப்பு, தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள ஒரு சிறு மறைப்பு ஆகிய மூன்றும் போதும். விரிப்பாகக் காகிதம் போடுவார்கள், அல்லது தேங்காய்ப் பொச்சின் துண்டுகளும் தும்புத்தூளும். எங்கள் நாட்டிலிருந்து கப்பலேறும் தும்பில் ஒரு பங்கு இப்படி ஊர்வனவற்றின் பெட்டிக்குள்தான் போய்ச் சேருகிறது.

இனி வருவது சூடு. பாம்பின் உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்குவதில்லை. உண்டது செரிக்க வேண்டுமென்றால் சூடான இடத்துக்குப் போக வேண்டும். சூடு அதிகமானால் விலகிக் குளிர்ந்த இடத்துக்கு வர வேண்டும். ஆகவே பெட்டி முழுவதையும் ஒரே சூட்டில் வைப்பது பெரிய பிழை. இறாக்கையின் பின்பக்கத்தில் மட்டும் மின்சாரத்தால் சூடாகும் பட்டி ஒன்றை ஒட்டுவார்கள். பின்பக்கம் ஏறக்குறைய 31, 32 பாகை செல்சியஸ், முன்பக்கம் 25, 26 பாகை. இடையில் எங்கே கிடப்பது என்பதைப் பாம்பு தானே தெரிவுசெய்யும். இந்தப் பட்டியை வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் நேரடியாக மின்சாரத்தில் கொடுத்தால் அது கட்டுமீறிச் சூடேறும். வயிற்றுப்பக்கம் வெந்துபோகும்வரை பாம்பு அதே இடத்தில் கிடப்பதும் உண்டு. வீட்டு இறாக்கைகளில் மிச்சம் பிடிக்கக்கூடாத ஒரே பொருள் இந்தக் கருவிதான். பாம்பின் உயிர் ஒருபுறமிருக்க, வீடே தீப்பற்றும் அபாயமும் இதில் இருக்கிறது.

பெட்டி ஏன் இவ்வளவு ஒடுக்கம்? எலி வளை, புற்று, கல்லிடுக்கு போன்ற, முதுகும் விலாவும் எதையாவது தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்தான் பாம்பு அச்சமின்றிக் கிடக்கும். விசாலமான வெளிச்ச அறையில் விட்டால் மூலை தேடி அலையும், சாப்பிட மறுக்கும். ஒடுக்கமான இறாக்கையை ஆதரிப்பவர்கள் சொல்லும் நியாயம் இது, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் நாலடிப் பாம்பு மூன்றடிப் பெட்டியில் ஆயுள் முழுவதும் ஒரு தடவைகூட நீட்டி நிமிர முடியாமல் கிடப்பதை இந்த நியாயம் மறைத்துவிடுகிறது. காட்டில் அது வளையில் உறங்கினாலும் இரவில் வெளியே வந்து ஊர்கிறது, ஏறுகிறது, நீந்துகிறது. இறாக்கை பாம்பின் வசதிக்காக வந்ததல்ல. பல பாம்புகளைக் குறைந்த இடத்தில் வைத்து இனப்பெருக்கம் செய்து விற்பவரின் வசதிக்காக வந்தது. வீட்டில் ஒரே ஒரு பாம்பு வைத்திருக்கும் பிள்ளைக்கு நான் சொல்வது, பெட்டி குறைந்தது பாம்பின் நீளமாவது இருக்கட்டும் என்பதுதான்.

வன்னியில் இதைச் செய்து பார்க்கலாமா என்று கேட்டால், கூடாது. சட்டம் ஒரு காரணம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பல தடவை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வெங்கணாந்தி உட்பட எங்கள் பாம்புகளில் பெரும்பாலானவை அதன் பாதுகாப்பில் உள்ளன. அனுமதியின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். வெளிநாட்டுப் பாம்பையும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. வெயில் இன்னொரு காரணம். ரொறன்ரோவில் மாரியில் பாம்பைச் சூடாக வைத்திருப்பது பெரும்பாடு. இங்கே சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே பிளாஸ்ரிக் பெட்டியில் கிடக்கும் பாம்பு மத்தியானத்துக்குள் செத்துப்போகும். குளிரைவிடச் சூடுதான் பாம்பை விரைவாகக் கொல்லும்.

வளர்க்க ஆசைப்பட்டுப் பிறகு கைவிடுவதால் என்ன வரும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் சாட்சி. அங்கே வளர்ப்புப் பாம்பு வியாபாரத்தில் வந்த பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் விடப்பட்டும் சதுப்புநிலங்களில் பெருகி, முயல் போன்ற சிறு விலங்குகளை அரிதாக்கிவிட்டன. 2012இல் அவற்றின் இறக்குமதியை அமெரிக்கா தடைசெய்தது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. 2017இல் அவற்றைத் தேடிப் பிடிப்பதற்குத் தமிழ்நாட்டின் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர் பழங்குடியினரை அழைத்தார்கள். வந்து ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான காலத்திலேயே 13 மலைப்பாம்புகளை அவர்களும் உடன்சென்றவர்களும் பிடித்தார்கள். 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

பாம்பை அடைத்து வைப்பதில் நாங்கள் பார்த்துப் படிக்க வேண்டிய இடம் அந்த இருளர்களின் இடம்தான். ஒருகாலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் அவர்கள். இந்தியாவின் 1972 வனவிலங்குச் சட்டமும் அதன்பின் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. பாம்பு ஆய்வாளர் றொமுலஸ் விற்றேக்கரின் முயற்சியோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் அது இயங்குகிறது. அங்கே பிளாஸ்ரிக் பெட்டியும் இல்லை, மின்பட்டியும் இல்லை. வரிசையாக மண்பானைகள். பானைக்குள் கொஞ்சம் மணல், மணலின்மேல் பாம்பு, பானையின் வாயில் பருத்தித் துணி போட்டுக் கயிற்றால் இறுக்கிய கட்டு. துணி காற்றை விடும், பாம்பை விடாது. மண்சுவர் ஈரத்தை மெல்ல வெளியே கசியவிட்டு உள்ளே குளிர்மையைக் காக்கும். உள்ளே இருட்டு, உடலைத் தொடும் வளைந்த சுவர். இறாக்கை செய்பவர் பலகையாலும் மின்சாரத்தாலும் தேடுகிற அத்தனையும், எங்கள் காலநிலைக்கு ஏற்றபடி, அந்தப் பானையில் இருக்கின்றன.

நாகம், கட்டுவிரியன், நாங்கள் புடையன் என்று சொல்லும் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகைகளே அங்கு வைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் மூன்று நான்கு வாரங்கள்தான் பானையில் இருக்கும். வாரம் ஒரு தடவை என்ற கணக்கில் நஞ்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுவார்கள். சில நாட்களில் அதே பாம்பு மறுபடி அகப்பட்டால் அடையாளத்தைக் கண்டு கைவிடலாம். பாம்பை அடைத்து வைப்பதற்கு ஒரு காரணமும் ஒரு கால எல்லையும் இருக்கின்றன. அதனாலேயே எனக்கு இந்தப் பானைமேல் மரியாதை.

அந்த நஞ்சைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, குதிரையின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து மாற்று மருந்து செய்கிறார்கள். இலங்கை வைத்தியசாலைகளில் பாம்புக்கடிக்கு ஏற்றப்படுவது இந்தியாவில் இப்படிச் செய்யப்படும் நால்வகை நஞ்சுக்கான மருந்துதான். 2016இல் வெளியான நாடளாவிய ஆய்வு ஒன்று, இலங்கையில் ஓராண்டில் ஏறக்குறைய 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாவதாகவும் 400க்கும் மேற்பட்டோர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. வரண்ட வலயத்து விவசாயிகள்தான் இதில் முன்னால் நிற்பவர்கள். அதாவது நாங்கள்.

பரந்தன் முல்லைத்தீவு வீதியில் தர்மபுரம், விசுவமடுப் பக்கம் எந்த வளவுக்குள் போனாலும் கவனித்துப் பாருங்கள். வீடு கட்டிய மிச்சத்தில் அடுக்கிய கல், அதன்மேல் பழைய தகரம், பக்கத்தில் விறகுக் கட்டு, காய்ந்த பனையோலை, நெல்மூட்டை, கோழிக்கூடு, கிணற்றடி ஈரம். பகலில் வெயில் வாங்கும் தகரம் மேலே, குளிர்ந்த மண் கீழே, இடையில் உடலைத் தொடும் ஒடுக்கம், மூட்டையைத் தேடி வரும் எலி, குடிக்கத் தண்ணீர். காசு கொடுத்துச் செய்யும் இறாக்கையை நாங்கள் அறியாமலேயே கட்டி வைத்திருக்கிறோம். இரண்டு மில்லிமீற்றர் இடைவெளியைப் பற்றி அங்கே கவலைப்படுகிறார்கள்; எங்கள் கதவின் அடியில் இரண்டு விரல் நுழையும்.

ஆகவே இறாக்கையைத் தலைகீழாகச் செய்வோம். கல்லையும் விறகையும் வீட்டுச் சுவரோடு சாத்தாமல் தள்ளி, நிலத்திலிருந்து உயர்த்தி, கீழே வெளிச்சம் தெரிய அடுக்குங்கள். தகரத்தை நிலத்தில் படுக்கப் போடாதீர்கள். நெல்மூட்டையைப் படுக்கும் அறையில் வைக்காதீர்கள்; எலி வரும் வழியால்தான் பாம்பும் வரும். கோழிக்கூட்டுக்குச் சிறுகண் வலை அடியுங்கள். கதவடியில் பழைய ரயர்த் துண்டு ஒன்றை ஆணியடித்தாலே போதும். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலியும் இமை சரிவதும் தொடங்கினால் அதுவாக இருக்கலாம். கட்டிலில் படுங்கள், முடியாவிட்டால் நுளம்பு வலையின் விளிம்பைப் பாயின் கீழே நன்றாகச் செருகிப் படுங்கள்.

வீட்டுக்குள் பாம்பு வந்தால் பிடிக்கப் போகாமல் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். கடித்துவிட்டால் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம், பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள். மருந்து வைத்தியசாலையில்தான் இருக்கிறது.