தண்டவாளக் கதைகள் – 17: கூரைக்கு மேலே ஒரு கண்ணாடி அறை

1886 ஜூலை மாதம். கனடாவின் ராக்கி மலையில் லாகன் என்ற சிறிய நிலையம். இன்றைய லேக் லூயிஸ். நாட்டின் குறுக்கே கனடியன் பசிபிக் ரயில் பாதை முழுமையடைந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. பிரதமர் ஜான் மெக்டொனால்டு மனைவியோடு அந்தப் பாதையில் மேற்கே போய்க்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஆக்னஸ், எஞ்சினின் முன்னால் மாடுகளைத் தள்ளிவிடப் பொருத்தியிருக்கும் இரும்புச் சட்டத்தின் மேல்தான் உட்கார்ந்து வருவேன் என்றார். யார் சொல்லியும் கேட்கவில்லை. ஒரு மெழுகுவத்திப் பெட்டியை அங்கே வைத்து இருக்கையாக்கிக் கொடுத்தார்கள். பசிபிக் கரை வரை ஏறத்தாழ 600 மைல். அதில் பெரும்பகுதியை அங்கேயே உட்கார்ந்து கடந்தார். இது என்ன வேடிக்கை என்று நினைத்த பிரதமரும் கொஞ்ச தூரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

லாகனைத் தாண்டியதும் வருவது சாதாரண இறக்கமல்ல. கிக்கிங் ஹார்ஸ் கணவாயில் 22 அடிக்கு ஓர் அடி வீதம் பாதை சரிந்தது. 1884இல் அங்கே இறங்கிய முதல் கட்டுமான வண்டியே கட்டுமீறி ஓடி மூன்று தொழிலாளர்களைப் பலிகொண்டது. அந்த இறக்கத்தில் எஞ்சினின் மூக்கில் உட்கார ஒரு பெண்ணுக்குத் துணிச்சல் வந்ததென்றால், காரணம் எளிமையானது. அவர் பார்க்க விரும்பியது எதிரே வரும் மலையை. பெட்டிக்குள் இருந்தவர்களுக்கு ஜன்னல் காட்டியதோ பக்கவாட்டில் ஓடிமறையும் பாறைகளை மட்டும்தான். எதிர்க்காட்சி டிரைவருக்கும் ஃபயர்மேனுக்கும் உரியது. இந்தக் கட்டுரையில் வரும் விசித்திரப் பெட்டிகள் எல்லாமே, தொழிலாளிக்கு வாய்த்த அந்தக் காட்சியைப் பயணிக்கும் கொடுக்க நடந்த முயற்சிகள் என்றே எனக்குப் படுகிறது.

கனடியன் பசிபிக் நிறுவனத்துக்கு அப்போது பணம் தேவைப்பட்டது. மலைப்பகுதியில் சரக்கு குறைவு, காட்சிதான் மிகுதி. அதன் தலைவர்களில் ஒருவரான வான் ஹார்ன், காட்சியைக் காட்டியே ஆட்களை வரவழைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். செங்குத்தான ஏற்றத்தில் எடை கூடக்கூடாது என்று சாப்பாட்டுப் பெட்டியையே கழற்றிவிட்டு, ஃபீல்டு போன்ற ஊர்களில் விடுதி கட்டி, வண்டியை நிறுத்திச் சோறு போட்ட நிறுவனம் அது. அதே நிறுவனம் கோடையில், வேடிக்கை பார்ப்பதற்கென்றே பக்கங்கள் திறந்த தனிப் பெட்டியைக் கோத்துவிட்டது! காட்சிக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு இதிலேயே தெரிகிறது.

திறந்த பெட்டியில் கரித்தூளும் தீப்பொறியும் கண்ணில் விழும். தவிர, அதிலும் பார்வை பக்கவாட்டில்தான். 1891இல் மெக்பிரைட் என்பவர் வேறு வழி யோசித்தார். கூரைக்கு மேலே மூன்று கண்ணாடி மாடங்கள் எழும் பெட்டி ஒன்றின் வடிவம் அவருடையது. 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' அதைப் படத்தோடு வெளியிட்டது. அந்தக் காலத்து வட அமெரிக்கச் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டிக் கூரையில் ஒரு சிறு மாடம் இருந்தது. அங்கே ஏறி உட்கார்ந்துதான் ஊழியர் வண்டியின் முழு நீளத்தையும் கண்காணித்தார். அந்த மாடமே பயணிக்கு வந்தால் எப்படியிருக்கும்? 1902இல் கனடியன் பசிபிக் அப்படிப்பட்ட மாடம் வைத்த பெட்டியை மலைப்பாதையில் ஓட்டியே காட்டியது.

ஆனால் அது பரவலாகவில்லை. நீராவி எஞ்சினின் புகை கூரையைத் தடவிக்கொண்டுதான் பின்னால் போகும். கண்ணாடியில் கரி படியும். வெயிலில் கண்ணாடி அறை கொதிக்கும். குளிர்சாதனம் அன்று ஏது? யோசனை சரி, எஞ்சின்தான் தடை.

புகை கக்காத டீசல் எஞ்சின் வந்தபோது வழி பிறந்தது. 1944இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதிகாரி சைரஸ் ஆஸ்பர்ன், கொலராடோவின் கிளென்வுட் பள்ளத்தாக்கில் டீசல் எஞ்சினில் டிரைவரின் அருகே இருந்து பயணம் செய்தார். இந்தக் காட்சிக்குப் பயணிகள் காசு கொடுப்பார்களே என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த ஆண்டே பர்லிங்டன் ரயில் நிறுவனம் பழைய பெட்டி ஒன்றின் கூரையை அறுத்து, 24 பேர் உட்காரும் கண்ணாடி மாடத்தை ஏற்றியது. பெயர் 'சில்வர் டோம்'. 1949இல் 'கலிஃபோர்னியா செஃபிர்' வண்டிக்கு ஐந்து மாடப் பெட்டிகள். மலைகளைப் பகலில் கடக்கும்படி அதன் கால அட்டவணையையே அமைத்தார்கள். 1955இல் கனடியன் பசிபிக்கும் 'தி கனடியன்' வண்டியோடு மாடங்களுக்குத் திரும்பியது. அந்த எஃகுப் பெட்டிகள் டொரன்டோவுக்கும் வான்கூவருக்கும் இடையே பல பத்தாண்டுகள் கடந்தும் ஓடிவந்திருக்கின்றன.

நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தயாரித்த விஸ்டாடோம் பெட்டி 2017இல் விசாகப்பட்டினம்–அரக்கு பாதைக்கு வந்தது. கண்ணாடிக் கூரை வானத்தைக் காட்டும். எதிர்க்காட்சியை அதுவும் தராது. ஆக்னஸ் பார்த்ததைப் பார்க்க விரும்புகிறவர்கள் நீலகிரி மலை ரயிலில் போகலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது எஞ்சின் பின்னால் இருந்து தள்ளுகிறது; முதல் பெட்டிக்கு முன்னே மலையும் பாதையும்தான். முன்பதிவு செய்யும்போது ஏறும் திசைக்கே சீட்டு எடுங்கள்.

(தொடரும்)