‘சுயாதீன’ பராமரிப்பாளர்: முதலாளி எங்கே போனார்?

2026 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அறிவிப்பு வந்ததிலிருந்து ஹட்டன், மஸ்கெலியா, அக்கரப்பத்தனைப் பக்கக் கடிதங்களில் ஒரே கேள்வி: “கொழும்பில் மாற்றுத்திறனாளி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன். ஏஜென்சி மூலம் போனேன். எனக்கும் இது உண்டா?”

சேரும் அன்று கையெழுத்து வாங்கிய தாளை எடுத்துப் பாருங்கள். “இவர் எமது ஊழியர் அல்லர், சுயாதீனமாகச் சேவை வழங்குபவர்” என்ற கருத்தில் ஒரு வரி இருந்தால், ஏஜென்சி “இல்லை” என்றுதான் சொல்லும். அந்த ஒரு வரிக்கு என்ன விலை? 30,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு முதலாளி கட்ட வேண்டிய சேமலாப நிதி 12 வீதம், அதாவது 3,600 ரூபாய். நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதம், 900 ரூபாய். மாதம் 4,500, வருடத்துக்கு 54,000 ரூபாய் உங்கள் பெயரில் சேராமல் போகிறது. ஏஜென்சி எடுக்கும் கமிஷன் தனி.

உண்மையிலேயே சுயாதீனமாக வேலை செய்பவர் கூலியைத் தானே பேசுவார், பிடிக்காத வீட்டுக்குப் போகமாட்டார், தனக்குச் சுகமில்லாத நாளில் வேறொருவரை அனுப்பிவைப்பார். அதே தாளின் கீழ்ப்பகுதியையும் வாசியுங்கள். நாங்கள் சொல்லும் வீட்டுக்குப் போக வேண்டும், லீவுக்கு எங்களிடம் கேட்க வேண்டும், வீட்டுக்காரர் நேரடியாகக் காசு தந்தால் வாங்கக் கூடாது, விலகிய பின் அதே வீட்டில் வேலைக்குச் சேரக் கூடாது என்றெல்லாம் இருக்கிறதா? அப்படியானால் காசு கொடுக்கும் நேரத்தில் மட்டும் நீங்கள் சுயாதீனம். வேலை வாங்கும் நேரத்தில் ஊழியர். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், நம் செலவில்.

மலையகத்துக்கு இது புதிதல்ல. சில கம்பெனிகள் கொண்டுவந்த ‘அவுட்குரோவர்’ முறையில் தேயிலைச் செடிகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். உரமும் மருந்தும் கொடுத்து, அந்தச் செலவைக் கொழுந்து விலையில் கழித்தார்கள். அதற்குப் பிறகு கொழுந்து எடுப்பவர் தொழிலாளி அல்ல, ‘விநியோகிப்பவர்’. மலையும் தொழிற்சாலையும் யார் கையில் என்று கேட்காதீர்கள்.

தாளில் என்ன பெயர் போட்டாலும் சட்டம் அதோடு நின்றுவிடுவதில்லை. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் ‘வேலையாள்’ என்பதை அகலமாகவே வரையறுக்கிறது. ஒப்பந்தம் வாய்மொழியாக இருக்கலாம், எழுத்தில் இருக்கலாம். ஒருவர் தானே நேரில் ஒரு வேலையைச் செய்து தருவதற்கான ஒப்பந்தமும் அதில் அடங்கும். ஆகவே லீவு கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, அவர்கள் போட்ட நேர அட்டவணை, காசு வந்த வங்கிப் பதிவு எதையும் அழிக்காதீர்கள்.

அவுஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் காப்புறுதித் திட்டம் 2013இல் சட்டமான பிறகு, தனியாகப் பதிந்து, சேவை ஒப்பந்தம் எழுதி வேலை செய்யும் பராமரிப்பாளர்கள் பெருகினார்கள். அங்கும் இதே சிக்கல். எழுதிய தாளின் உரிமை கடமைகளே முக்கியம் என்று 2022இல் உயர் நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் உறவு எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2024 ஆகஸ்டில் அமுலுக்கு வந்தது. ஆனால் அங்கே பராமரிப்புச் செலவுக்கு அரசாங்கத்தின் பணம் இருக்கிறது. இங்கே? 1996இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இல் ஐ.நா. சமவாயத்துக்கு ஒப்புதல், 2025இல் கொடுப்பனவு 10,000 ரூபாய் என்று மேடைகளில் அடுக்குகிறார்கள். குறைந்தபட்சச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அது. மீதியைக் குடும்பம் போட வேண்டும், அல்லது பராமரிப்பவர் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டாவதுதான் நடக்கிறது.

ஏஜென்சி இல்லாமல் குடும்பத்தோடு நேரடியாகப் பேசுகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். தனியார் வீட்டுப் பணியாளரை 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. சட்டம் தராததைத் தாளில்தான் வாங்க வேண்டும். யாரைப் பராமரிக்கிறீர்கள், தூக்கி உட்கார வைக்க இன்னொருவர் உதவுவாரா, மருந்து கொடுப்பது யார் பொறுப்பு, இரவில் எத்தனை தடவை எழும்ப வேண்டும், அந்த இரவுக்குத் தனிக் காசு உண்டா, மாதத்தில் எத்தனை நாள் லீவு, பராமரிப்பில் இருப்பவர் ஆஸ்பத்திரிக்குப் போனாலோ இறந்தாலோ சம்பளம் என்னாகும் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். வீட்டாருக்குச் சமைப்பது, துவைப்பது உங்கள் வேலை இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் முதல் வாரத்திலேயே அது உங்கள் தலையில் விழும்.

மற்றக் கேள்விகள்:

தாள் சிங்களத்தில் மட்டும் இருந்தால்? வாசித்துப் புரியும்வரை கையெழுத்து வேண்டாம்.

அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டால்? பிரதி கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள்.

சுயதொழில் செய்பவர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் தானே சேரலாமா? சேரலாம்.

சேமலாப நிதி பற்றி எங்கே முறையிடுவது? தொழில் திணைக்களத்தில்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டார்கள், என்ன செய்வது? தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நிறுத்திய நாளிலிருந்து எண்ணுங்கள். ஏஜென்சி “பார்ப்போம்” என்று இழுத்தடிக்கும் நாட்களும் அந்தக் கணக்கில்தான் கழிகின்றன.