பேனாக்கத்தியின் பதம்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சட்டைப்பையிலோ வேட்டி மடியிலோ ஒரு பேனாக்கத்தி கிடப்பது யாரும் கவனிக்காத சங்கதி. கணக்குப்பிள்ளை அதில் பென்சில் சீவுவார். வயரிங் வேலைக்காரர் ஒயரின் தோலை உரிப்பார். மூட்டையின் சணலை அறுப்பதும், ரயிலில் கொய்யாவை நறுக்கி எதிர் சீட்டுக்காரருக்கும் ஒரு துண்டு நீட்டுவதும் அதே கத்திதான். திருவிழாக் கடையில் பாசிமணிக்கும் ஊதலுக்கும் நடுவே மலிவாகக் கிடைக்கும். வசதியான வீட்டு மேஜையறையில் நட்சத்திரமும் சிலுவையும் பொறித்த ஷெஃபீல்டு ரோஜர்ஸ் இருக்கும்.

அந்த மலிவுக் கத்திக்குப் பூட்டு கிடையாது. முதுகில் ஓடும் வில்தகடு ஒன்றுதான் விரிந்த அலகைப் பிடித்து வைத்திருக்கும். குத்தித் துளையிடப் போனால் அலகு மடங்கி விரலில் இறங்கிவிடும். அப்படி வாங்கிய தழும்பு அந்தத் தலைமுறையில் பலருடைய ஆள்காட்டி விரலில் உண்டு. கார்பன் எஃகு என்பதால் எலுமிச்சையை அறுத்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறுத்துப் போகும். மழைக்காலத்தில் துரு பூக்கும். தேங்காய் எண்ணெயை விரலால் தொட்டுத் தடவி வைப்பார்கள். இத்தனை குறைக்கும் மேலே ஒரு நிறை இருந்தது: அலகு மெல்லிசு. அதனால் வெட்டியது. மழுங்கினால் வாசற்படிக் கருங்கல்லில் நாலு இழுப்பு. கொஞ்சம் மோசமானால் சைக்கிளில் வரும் சாணைக்காரர். கத்தி வாங்கியவன் அதைத் தீட்டவும் தெரிந்தவனாகவே இருந்தான்.

இன்று அதே மலிவில் வாங்கக் கிடைப்பது வேறு ஜாதிக் கத்தி. பெருவிரலால் தள்ளினால் ஒரு கையிலேயே திறக்கிறது, 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது, கிளிப்பால் பையின் ஓரத்தில் தொங்குகிறது. 1981இல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ, அலகில் வட்டத் துளையும் பக்கத்தில் கிளிப்பும் வைத்த கத்தியைக் கொண்டுவந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் மைக்கேல் வாக்கர் என்ற கத்திக் கலைஞர், உள்தகடே வளைந்து வந்து அலகின் அடியை முட்டி நிறுத்தும் பூட்டைச் செம்மைப்படுத்தினார். அன்று அதெல்லாம் காசுள்ளவர்களுக்கு. இன்று சீனாவின் குவாங்டாங் மாகாணத்து யாங்ஜியாங் நகரப் பட்டறைகள் அதே அமைப்பைச் சில நூறு ரூபாய்க்குத் தருகின்றன. விரலைக் காக்கும் பூட்டு ஏழைக்கும் எட்டியது பெரிய நன்மை. துருவும் பழைய தொல்லையாகிவிட்டது. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி வார்த்தெடுத்த துருப்பிடிக்காத எஃகின் வாரிசுகள்தான் இப்போது எல்லாப் பைகளிலும்.

ஆனால் கொய்யாவைக் கொடுத்துப் பாருங்கள். அலகு பாதி இறங்கியதும் பழம் வெட்டுப்படாமல் 'படக்'கென்று பிளக்கும். மலிவில் வரும் முரட்டுக் கத்திகளின் முதுகு மூன்று மில்லிமீட்டர் கனம். கறுப்புப் பூச்சு, ரம்பப் பல், போர்வீரர் தோரணை. படத்தில் பார்த்து வாங்கும் காலத்தில் படத்துக்கு ஏற்றபடிதான் கத்தி செய்கிறார்கள். 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்ற பொறிப்பு எந்த எஃகு என்பதைச் சொல்வதில்லை. '8 சிஆர் 13 எம்ஓவி' என்றிருந்தால் விஷயம் உண்டு: கார்பன் சுமார் 0.8 சதவீதம், குரோமியம் 13 சதவீதம்; வீட்டுக் கல்லிலேயே பதம் ஏறும். '3 சிஆர் 13' என்றால் கார்பன் அதில் பாதிகூட இல்லை, சீக்கிரம் மழுங்கும்.

பேனாக்கத்தியின் இடத்தை உண்மையில் பிடித்தது இந்தப் புதுக் கத்தியும் அல்ல, ஸ்டேஷனரிக் கடைக் கட்டர். 1956இல் ஜப்பானில் ஓல்ஃபா நிறுவனர் யோஷியோ ஒகாடா கண்டுபிடித்த, நுனியை உடைத்து உடைத்துப் புதுக்கூர் பெறும் பிளேடு அது. கூரியர் பெட்டியின் டேப்பை அறுக்க அதைவிடச் சிறந்தது இல்லை. மழுங்கினால் உடைத்து எறி, தீட்ட வேண்டாம். அங்கேதான் தீட்டும் பழக்கம் கையை விட்டுப் போனது. மடக்குக் கத்தி வாங்குகிறவரும் மழுங்கியதும் இன்னொன்றுக்கு ஆர்டர் போடுகிறார்.

கத்தியைப் பார்க்கும் கண்ணும் மாறிவிட்டது. 2001 செப்டம்பருக்குப் பிறகு விமானத்தின் கைப்பையில் அதற்கு இடமில்லை. சரக்கில் போடும் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். மெட்ரோ வாசலிலும் மாலிலும் நிறுத்துவார்கள். ஆயுத விதிகளின் பட்டியல் பேசுவது 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் அலகுகளைப் பற்றி. பேனாக்கத்தி அதன் பக்கத்திலேயே வராது. ஆனாலும் வாசலில் நிற்கும் காவலரிடம் விதி பேசி நேரத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. மூன்று அங்குலத்துக்குள், பார்த்தால் யாரும் மிரளாத கத்தியாக இருப்பதே நல்லது.

அப்படி ஒன்று பழைய மெல்லிசோடும் புதிய பூட்டோடும் இருக்கிறது. பிரான்சின் சவாய் பகுதியில் ஜோசஃப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்திக்கு 1955இல் ஒரு திருகு வளையம் சேர்ந்தது. அதைத் திருப்பினால் அலகு அசையாது. எட்டாம் எண் கத்தியின் அலகு எட்டரை சென்டிமீட்டர். மூன்று அங்குலத்தைச் சற்றே தாண்டினாலும் மரப்பிடியைப் பார்த்து யாரும் மிரள மாட்டார்கள். கொய்யாவைப் பிளக்காமல் வெட்டும்.

உள்தகட்டுப் பூட்டுக் கத்தியே வேண்டும் என்றால் கையில் வாங்கிப் பாருங்கள். விரித்துப் பிடித்து அலகை மேலும் கீழும் ஆட்டினால் அசையக் கூடாது. தகடு அலகின் அடியை ஓரத்தில் தொட்டும் தொடாமலும் நின்றால் நழுவும்; ஒரேயடியாக மறுபக்கம் போய்விட்டிருந்தால் தேய்மானத்துக்கு இடமில்லை. மடக்கினால் அலகு இரு பக்கத் தகடுகளுக்கும் நடுவே உட்கார வேண்டும், எதையும் உரசக் கூடாது. பிறகு முதுகின் கனம்: இரண்டு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

ஆயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தால் முழுவதையும் கத்தியில் போட வேண்டாம். இரும்புக்கடையில் ஒரு பக்கம் கொரகொரப்பும் மறுபக்கம் வழவழப்புமாகக் கார்பொரண்டம் கல் கிடைக்கிறது. 1954இல் தொடங்கிய கார்பொரண்டம் யுனிவர்சல் நம் சென்னை நிறுவனம்தான். அந்தக் கல்லுக்கு ஒரு பங்கு எடுத்து வையுங்கள். கல்லை நனைத்து, அலகை இருபது டிகிரிக்குள் சாய்த்து, இரு பக்கமும் சம எண்ணிக்கையில் இழுங்கள். செய்தித்தாளின் ஓரத்தைக் கிழியாமல் அறுக்கும் வரை.