புதுச்சேரியில் வாக்காளர் பதிவு

புதுச்சேரியில் வாக்காளர் பதிவு என்பது, புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் வாழும் இந்தியக் குடிமக்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தல், திருத்துதல், இடம் மாற்றுதல், நீக்குதல் ஆகிய பணிகளைக் குறிக்கும். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் 1960ஆம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகளும் இதற்கு அடிப்படையாகும். ஒருவர் வாக்களிக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது பட்டியலே. வாக்காளர் அடையாள அட்டை அன்று. 1993இல் அறிமுகமான அவ்வட்டை, பட்டியலில் உள்ள பெயருக்கு உரியவர் இவர்தாம் என்று காட்டுவதற்கு மட்டுமே பயன்படுகிறது. பழைய அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தும் வாக்குச்சாவடியில் பெயர் இல்லாமல் திரும்புவோர் ஒவ்வொரு தேர்தலிலும் காணப்படுகின்றனர்.

வரலாறு

புதுச்சேரியில் பட்டியலின் வரலாறு இந்தியக் குடியரசைக் காட்டிலும் பழைமையானது. 1848இல் பிரான்சில் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டபோது, பிரெஞ்சு இந்தியாவின் மக்களும் அதில் சேர்க்கப்பட்டனர். 1871 முதல் இப்பகுதி பிரெஞ்சு நாடாளுமன்றத்திற்கு உறுப்பினரை அனுப்பியது. எனினும் உள்ளூர் அவைகளுக்கான தேர்தல்களில் எல்லாரும் ஒரே பட்டியலில் இடம்பெறவில்லை. இந்துச் சட்டம், இசுலாமியச் சட்டம் போன்ற தம் தனிச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க 1881ஆம் ஆண்டு ஆணை வழிசெய்தது. அவ்வாறு துறந்தோர் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். 1884இல் ஐரோப்பியர், துறந்தோர், ஏனைய இந்தியர் என மூன்று பட்டியல்கள் ஏற்படுத்தப்பட்டன. 1899இல் அவை இரண்டாகக் குறைக்கப்பட்டன. தலைக்கணக்கில் மிகச் சிறுபான்மையினரான ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல் இருந்ததால் அவர்தம் வாக்கின் எடை பன்மடங்காயிற்று. எனவே அக்கால அரசியல் போட்டி, வாக்குப் பெட்டிக்கு முன்பே, யார் எந்தப் பட்டியலில் என்பதிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் பட்டியல் பாகுபாடு நீங்கியது; பெண்களும் வாக்குரிமை பெற்றனர். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடைபெற்ற வாக்கெடுப்பில் பொதுமக்கள் வாக்களிக்கவில்லை. அதில் கலந்துகொண்டவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த 178 பிரதிநிதிகள் மட்டுமே. 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர்.

குடியுரிமை

1956ஆம் ஆண்டின் இந்திய-பிரெஞ்சு உடன்படிக்கை 1962 ஆகத்து 16 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இங்கு பிறந்து இங்கேயே வாழ்ந்தோர் ஆறு மாதங்களுக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்யலாம். செய்யாதோர் இந்தியக் குடிமக்கள் ஆவர். இதன் விளைவாக, ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக் குடிமகனாகவும் தம்பி இந்தியக் குடிமகனாகவும் இருக்கும் நிலை புதுச்சேரியில் புதுமையன்று. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆதலால் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உடையோர், இந்தியக் கடல்கடந்த குடிமகன் அட்டை வைத்திருந்தாலும், பட்டியலில் சேர இயலாது. இந்தியக் குடியுரிமையைத் துறக்காமல் பிரான்சில் பணிபுரிவோரின் நிலை வேறு. அவர்கள் படிவம் 6ஏ வழியாகத் தம் கடவுச்சீட்டில் உள்ள முகவரிக்குரிய தொகுதியில் பதியலாம். ஆயினும் வாக்களிக்க நேரில் வரவேண்டும்.

பதிவு முறை

18 வயது நிறைந்து, ஒரு தொகுதியில் வழக்கமாகக் குடியிருப்பவர் அங்குப் பதிவு பெறத் தகுதியுடையவர். வாக்களிக்கும் வயது 1989இல் 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. முன்பு சனவரி 1 மட்டுமே தகுதி நாளாக இருந்தது. 2022இல் ஏப்ரல் 1, சூலை 1, அக்டோபர் 1 ஆகியனவும் சேர்ந்தன. 17 வயது நிறைந்தோர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 6, பெயர் நீக்கத்திற்கும் எதிர்ப்புத் தெரிவிப்பதற்கும் படிவம் 7, இடமாற்றம், பிழைதிருத்தம், மாற்று அட்டை ஆகியவற்றுக்குப் படிவம் 8 பயன்படுகின்றன. இவற்றை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் தரலாம், அல்லது இணையவழியே அனுப்பலாம். தொலைபேசி எண் 1950 வழியாகவும் விவரம் பெறலாம்.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது 'வழக்கமாகக் குடியிருத்தல்' என்னும் சொற்றொடராகும். சொந்த வீடு இருப்பதனால் மட்டும் ஒருவர் அத்தொகுதியின் வாக்காளர் ஆவதில்லை. வாடகை வீடு என்பதனால் தகுதி குறைவதும் இல்லை. உழவர்கரை நகராட்சியில் விழுப்புரம் சாலையை ஒட்டியுள்ள மூலக்குளம் போன்ற புறநகர்ப் பகுதிகளில் குடியேறுவோருக்கு இது முக்கியமானது. எடுத்துக்காட்டாக, கோட்டக்குப்பத்திலிருந்து மூலக்குளத்துக்கு வீடு மாறுபவர் சில கிலோமீட்டர் தொலைவே நகர்கிறார். ஆனால் கோட்டக்குப்பம் தமிழ்நாட்டின் வானூர் தொகுதியைச் சேர்ந்தது. அவருடைய சட்டமன்றமும் மக்களவைத் தொகுதியும் மாறிவிடுகின்றன. அவர் புதிய வாக்காளரைப் போலப் படிவம் 6 தந்தால் இரண்டு இடங்களில் பெயர் நிற்கும். அது சட்டம் தடுப்பது. அவர் தரவேண்டியது படிவம் 8. திருமணமாகிப் புகுந்த வீட்டுக்கு வரும் பெண்களுக்கும் இதுவே பொருந்தும்.

இருப்பிடச் சான்று இன்மையே வாடகைதாரர் பலரைத் தடுக்கிறது. எழுத்து வடிவில் ஒப்பந்தம் தராத வீட்டுக்காரர்கள் உண்டு. பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம் தவிர, விண்ணப்பதாரர் அல்லது பெற்றோர் பெயரிலுள்ள எரிவளி, மின்சாரக் கட்டணச் சீட்டு, வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம் ஆகியனவும் ஏற்கப்படும். சான்று எதுவும் இல்லாதோர் வழக்கில் அலுவலர் நேரில் வந்து விசாரிக்கலாம். வீடற்றோர் கூட இவ்வழியில் பதிவு பெறுகின்றனர்.

உதவி செய்வோர்

படிவம் நிரப்பத் தெரியாதோர்க்கு அண்டை அயலார் எழுதிக் கொடுப்பது இயல்பானதே. ஆனால் உறுதிமொழியில் கையொப்பமோ பெருவிரல் பதிவோ இடவேண்டியவர் விண்ணப்பதாரரே. பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பலருடைய படிவங்களை ஒருவரே கட்டாகக் கொண்டுவந்தால் பொதுவாக ஏற்கப்படுவதில்லை; வீட்டில் ஒருவர் குடும்பத்தாரின் படிவங்களைத் தரலாம். பதிவு அதிகாரியின் முடிவை எதிர்த்து 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம்.

சிறப்புத் தீவிரத் திருத்தம்

2025 நவம்பர் 4 அன்று புதுச்சேரியிலும் வேறு பல மாநிலங்களிலும் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வழக்கமான திருத்தத்தில், பட்டியலில் ஏற்கனவே உள்ளவர் எதுவும் செய்யவேண்டியதில்லை. இதிலோ, ஒவ்வொரு வாக்காளரும் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பித் திருப்பித் தரவேண்டும். தராதோரின் பெயர் வரைவுப் பட்டியலில் இராது. திசம்பரில் வெளியான வரைவில், முன்பிருந்த ஏறத்தாழ 10.2 இலட்சம் பெயர்களில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவை இடம்பெறவில்லை. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இருமுறை பதிந்தோர் ஆகியோருடன், கதவு பூட்டியிருந்த காரணத்தால் காணப்படாதோரும் நீக்கப்படுவோரின் வகைகளில் அடங்குவர். பட்டியல் சுத்தமாவது தேவையே; ஆயினும் அடிக்கடி வீடு மாறும் வாடகைதாரரே இம்முறையில் எளிதில் விடுபட்டுப் போகின்றனர்.

வாக்குப்பதிவு நாளில்

வேட்புமனு தாக்கலுக்குரிய இறுதி நாளுக்குப் பின் பட்டியலில் எந்தப் பெயரும் சேர்க்கப்படாது. பட்டியலில் பெயர் இல்லாவிடினும் ஆதாரைக் காட்டி வாக்களிக்கலாம் என்று தேர்தல்தோறும் பரவும் செய்தி உண்மையன்று. 2018இல் வெளிவந்த சர்க்கார் திரைப்படத்தால் பரவலாக அறியப்பட்ட '49பி', பட்டியலில் பெயர் உள்ளவரின் வாக்கை வேறொருவர் முன்னதாகவே போட்டுவிட்ட நிலைக்கு உரியது. அது 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் உள்ளது. உண்மையான வாக்காளருக்குத் தாளில் அச்சிட்ட வாக்குச்சீட்டு தரப்படும். அது தனி உறையில் வைக்கப்படும், வழக்கமான எண்ணிக்கையில் சேராது.

உள்ளாட்சித் தேர்தல்

சட்டமன்றத்திற்கும் மக்களவைக்கும் உரிய பட்டியலை இந்தியத் தேர்தல் ஆணையம் பேணுகிறது. நகராட்சி, கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தல்களுக்குப் புதுச்சேரி மாநிலத் தேர்தல் ஆணையம் பொறுப்பாகும். 1968க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து, 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. தேர்வானோரின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் 2025 முடிய அடுத்த தேர்தல் நடைபெறவில்லை. 2011க்குப் பின் 18 வயதை எட்டிய மூலக்குளத்து வாக்காளர் எவரும் அதுவரை தம் நகராட்சிக்கு வாக்களித்ததில்லை.