சொல்லிச் செய்யும் கித்தாருக்கு எந்த மரம்?

(தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் இடம்பெற்ற விளக்கத்தின் எழுத்து வடிவம்)

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் திருவிழா என்றால் உறுமி மேளம் முன்னே வரும். இரவானதும் மேடையில் மெல்லிசைக் குழு ஏறும். அந்தக் குழுவில் மின்சாரக் கித்தார் வாசிக்கும் தோட்டப்புற இளைஞர், பழகுவதற்காகக் கடையில் வாங்கிய மலிவுக் கித்தாரோடு சில ஆண்டுகளை ஓட்டியிருப்பார். பிறகு தன் கைக்கும் தோளுக்கும் ஏற்ற ஒன்றைச் சொல்லிச் செய்து வாங்க ஆசைப்படுவார். இந்த ஆசையில் தவறேதும் இல்லை. ஆனால் அதற்காகும் செலவு பல மாதச் சேமிப்பு.

கித்தார் செய்பவரிடம் போனதும் எழும் முதல் கேள்வி, “என்ன மரம்?” என்பதுதான். நண்பர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். மகோகனி என்பார் ஒருவர், மேப்பிள் என்பார் மற்றொருவர். வெளிநாட்டு மரமாக இருந்தால்தான் நாதம் வரும் என்று அடித்துச் சொல்வார்கள். சேமிப்பில் பெரும்பகுதி அந்த மரத்துக்கே போய்விடும். இந்தச் செலவு தேவைதானா?

வீணையும் மின்சாரக் கித்தாரும்

தஞ்சாவூர் வீணையைப் பலா மரத்தில் குடைகிறார்கள். தந்தி அதிர்ந்ததும் அந்த அதிர்வு குதிரை வழியாகக் குடத்தின் மேற்பலகைக்குப் போகிறது. பலகை அதிர்ந்து காற்றை அசைக்கிறது. நம் காதில் விழுவது அந்த மரத்தின் ஓசை. அதனால் வீணைக்கு மரம்தான் உயிர்.

மின்சாரக் கித்தாரின் வழி வேறு. தந்திகளுக்குக் கீழே ‘பிக்கப்’ என்ற சிறு பெட்டி இருக்கும். அதற்குள் காந்தமும், அதைச் சுற்றிப் பல ஆயிரம் முறை சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியும் உண்டு. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைந்து, செப்புக் கம்பியில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அதை ஒலிபெருக்கி பெரிதாக்குகிறது. எஃகுத் தந்திக்குப் பதிலாக நைலான் தந்தி பூட்டினால் இந்தப் பிக்கப் ஊமையாகிவிடும். அது ‘கேட்பது’ தந்தியின் அசைவை. பலகையின் ஓசையை அல்ல.

வரலாறும் இதையே சொல்கிறது. 1932-இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் மின்சாரக் கித்தாரில் மரமே கிடையாது, அலுமினியத்தில் வார்த்தது. 1940 வாக்கில் அமெரிக்கக் கலைஞர் லெஸ் பால், நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டையில் தந்தி பூட்டி வாசித்தார். பார்க்கக் கித்தார் போல இல்லையே என்று, வேறொரு கித்தாரின் இரு பாதிகளை அதன் இருபுறமும் பொருத்தினார். நாதத்தைக் கட்டையும் பிக்கப்பும் பார்த்துக்கொண்டன. அந்தப் பாதிகள் கண்ணுக்காக வைத்தவை.

மரப் பெட்டியால் ஒலிக்கும் சாதாரணக் கித்தாரிலும் ஒரு சோதனை நடந்தது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வெவ்வேறு மரங்களில் அமைந்த ஆறு கித்தார்களை, மரம் கண்ணில் படாதபடி 52 பேரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் அவர்கள் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் போட்டார்கள். அங்கேயே இப்படி என்றால், பிக்கப்பால் ஒலிக்கும் கித்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் எந்த மரமானாலும் சரிதானா? அதுவும் இல்லை. மின்சாரக் கித்தாரில் மரத்துக்கு மூன்று வேலைகள் உண்டு. வளையாமல் நிற்க வேண்டும், தோள் தாங்கும் எடையில் இருக்க வேண்டும், கைக்கு இதமாக இருக்க வேண்டும்.

கழுத்துதான் முதல் கவலை

ஆறு தந்திகளையும் முறுக்கிச் சுருதி சேர்த்தால் கழுத்தின் மேல் விழும் இழுவிசை சுமார் 45 கிலோ. ஏறத்தாழ ஒரு மூட்டை அரிசி இரவும் பகலும் தொங்குவதற்குச் சமம். உள்ளே எஃகுக் கம்பி பதித்திருந்தாலும் பாரத்தில் பெரும்பகுதியை மரமே சுமக்கிறது. கழுத்து தளர்ந்திருந்தால் சில சுரங்கள் நிற்காமல் சட்டென்று அடங்கிவிடும். நாதத்தில் மரத்தின் பங்கு ஓரளவு தெரிவதும் இங்கேதான்.

நம் வட்டாரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கோல சிலாங்கூர் கடலோரம். காற்றில் எப்போதும் ஈரம். மரம் ஈரத்தைக் குடித்தால் குறுக்குவாக்கில் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. இரவு முழுவதும் குளிர்சாதன மண்டபத்தில் வாசித்த கித்தார், விடியற்காலையில் வீட்டின் ஈரக் காற்றுக்குத் திரும்புகிறது. இப்படியே போய் வந்தால் அரைகுறையாக உலர்ந்த கழுத்து முறுக்கிக்கொள்ளும். உலோக மெட்டுகளின் முனை விரலைக் கீறும்.

ஆகவே கழுத்துக்கு மரத்தின் பெயரைவிட அது உலர்ந்த விதமே முக்கியம். உலையில் 8 முதல் 12 விழுக்காடு ஈரம்வரை உலர்த்தி, பிறகு பட்டறையில் சில வாரங்கள் கிடந்து அந்த இடத்துக் காற்றுக்குப் பழகிய மரமாக இருக்க வேண்டும். நார் நேராக ஓட வேண்டும். ஒரே பெரிய துண்டைவிட, மூன்று அல்லது ஐந்து பட்டைகளை நார் எதிரெதிராக அமையும்படி ஒட்டிய கழுத்து நம் காற்றை நன்றாகத் தாங்கும். ஒன்று வளைய முயன்றால் மற்றது இழுத்துப் பிடிக்கும். நல்ல கைவினைஞர் கழுத்தை ஒரே நாளில் செதுக்கி முடிக்க மாட்டார். கொஞ்சம் இழைப்பார், சில நாள் விடுவார், வளைவு பார்த்து மறுபடி இழைப்பார்.

உடலுக்கு நம் ஊர் மரம்

உடற்பகுதிக்கு எடைதான் கணக்கு. ஒரு கன மீட்டர் உலர்ந்த அமெரிக்க ஆல்டர் சுமார் 450 கிலோ. அதில் செய்த கித்தார் உடல் ஏறக்குறைய 2 கிலோ வரும். அதே உடலைச் செங்காலில் செய்தால் 4 கிலோவைத் தாண்டும். செங்கால் வீட்டுத் தூணுக்கு அரசன். தோளில் தொங்கப் போட்டால் இரண்டு பாட்டுக்குள் முதுகு வலிக்கும்.

நம் நாட்டில் கிடைக்கும் நியாத்தோவை மகோகனிக்குப் பதிலாகக் கித்தார் தொழிற்சாலைகள் பல காலமாகப் பயன்படுத்துகின்றன. பலா மரத்தில் நாம் வீணையும் மிருதங்கமும் செய்வது போல, மலாய்க்காரர்கள் கம்புஸ் வாத்தியத்தைக் குடைகிறார்கள். மஞ்சள் நிறம் ஏறி, நாளாக நாளாகப் பொன்னிறமாகும் மரம் அது.

அடுத்து, யாரும் பெயர் சொல்லாத ஒரு மரம். ரப்பர் மரம்; நம்மவர் வாயில் பால்மரம். உலர்ந்த ரப்பர் மரம் கன மீட்டருக்கு 560 முதல் 650 கிலோ. மகோகனிக்குப் பக்கத்தில் நிற்கும் எடை. நிறம் வெளிறிய மஞ்சள், நார் ஓரளவு நேர், இழைப்புக்கு நன்றாக வழங்கும். பால் ஓய்ந்த மரத்தை 25, 30 ஆண்டுகளில் வெட்டி, ஒரு காலத்தில் புகைக்கூண்டிலும் செங்கல் சூளையிலும் எரித்தார்கள். வெட்டிய சில நாளிலேயே நீலப் பூஞ்சையும் துளைப்பூச்சியும் பிடித்துவிடும் என்பதே காரணம். போரான் மருந்தை அழுத்தி ஏற்றி, உடனே உலையில் உலர்த்தும் முறை வந்த பிறகுதான் அதே மரம் மேசை நாற்காலியாக உலகெங்கும் ஏற்றுமதியாகிறது. கித்தாருக்குக் கேட்பவர் இந்த மருந்தும் உலர்த்தலும் முடிந்த பலகையைத்தான் கேட்க வேண்டும். சிறு துண்டுகளைப் பல் பல்லாகக் கோத்த நாற்காலிப் பலகை வேண்டாம்.

தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பால் ஊறுவது பட்டையில், மரத்தில் அல்ல. உளி ஆழமாகப் பட்டு மரத்தில் காயம் விழுந்தால் அங்கே முண்டும் முடிச்சுமாகிவிடும். கங்காணியின் ஏச்சும் விழும். பட்டையோடு நிறுத்திய கைகள் வெட்டிய மரமே இன்று முடிச்சில்லாத பலகையாகிறது.

செம்பனை இதற்கு உதவாது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அமைந்தது இதே வட்டாரத்தில், பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமரம் தோட்டத்தில், 1917-இல். அந்த ஊருக்கு 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். செம்பனையும் தென்னை, புல் வகையைச் சேர்ந்ததுதான். தண்டு முழுவதும் நீரும் நாருமாக இருக்கும், உலர்ந்தால் ஒடுங்கிவிடும். இன்று தோட்டங்களில் பெரும்பாலும் அதுவே நிற்பதால், பால்மரப் பலகைக்கு மர ஆலையைத்தான் தேடிப் போக வேண்டும்.

ஈட்டி மரமும் சட்டமும்

விரல் ஓடும் பலகைக்கு ரோஸ்வுட் கேட்பவர்கள் அதிகம். நீலகிரிப் பக்கத்தில் ஈட்டி, தோதகத்தி என்று சொல்லும் மரம்தான் அது, ஜாவாவில் சோனோகெலிங். அழிந்துவிடாமல் காக்க, 2017 ஜனவரி 2 முதல் அந்த மர இனம் முழுவதையும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டில் கொண்டு வந்தார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு உண்டு. வெறும் பலகையாக எல்லை தாண்டினால் அனுமதிப் பத்திரம் தேவை. அந்தப் பலகையை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாகச் சொல்பவரிடம் பத்திரத்தைக் கேட்பது நல்லது. உள்ளூர் மெர்பாவும் கடினமானது. விரல் தேய்வை அதுவும் தாங்கும்.

சொல்லும்போதே எழுதி வாங்குங்கள்

இப்போது கைக்குப் பழகிய கித்தாரையே எடுத்துப் போய், கழுத்தின் தடிப்பைக் காட்டுங்கள். தந்தியின் நீளம் 25.5 அங்குலமா, 24.75 அங்குலமா என்று முடிவு செய்யுங்கள்; குறுகியதில் தந்தி சற்று இளகியிருக்கும். முழு எடை 3.5 கிலோவுக்குள் வேண்டும் என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். மரத்தை இழைக்கும் முன் பலகையாகப் பார்த்து, ஈரமானி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப்பில், ஜெனரேட்டரும் குழல் விளக்கும் உள்ள திருவிழா மேடையில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வரும். இரட்டைச் சுருள் அதைப் பெருமளவு அடக்கிவிடும். முன்பணம், தவணை, முடியும் மாதம் எல்லாம் தாளில் இருக்கட்டும்.

மரத்தில் மிச்சமாகும் பணத்தை நல்ல பிக்கப்புக்கும், மெட்டுகளைச் சமமாகத் தீட்டும் கூலிக்கும் கொடுங்கள். காதுக்குத் தெரியும் வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

பாட்டியும் தாத்தாவும் விடியுமுன் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கி வெட்டிய மரம் பால்மரம். அதில் செய்த கித்தாரைப் பேரப்பிள்ளை மேடையில் வாசிப்பதில் குறையொன்றும் இல்லை. மட்டமான மரம் என்று யாராவது சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள்.